எண்ணூறும் எழுநூறும்

பி.ஏ. முடித்துத் தென்காசிக்குத் திரும்பிய வருஷம், எனக்கு முதல் வேலை குற்றாலத்தில் கிடைத்தது. சீசனுக்கு வருகிற ஜனங்களுக்கு அப்போதெல்லாம் காலரா ஊசி போடுவார்கள். ஊசி போட்டுக்கொள்பவரின் பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் ஒரு பெரிய நோட்டில் எழுதிச் சீட்டுக் கிழித்துக் கொடுக்க ஆள் வேண்டும். மூன்று மாதத் தற்காலிக வேலை, மாதம் நாற்பத்தைந்து ரூபாய்.

அப்பா தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு புக்கிங் ஏஜெண்டாக இருந்தார். எழுபத்தைந்து ரூபாய்ச் சம்பளம். நான் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்து படித்த நான்கு வருஷத்தில் அம்மாவின் வளையல்கள் நான்கும் போயிருந்தன. தங்கை என்னைவிட மூன்று வயது இளையவள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். நானும் அடுத்த வருஷம் பி.டி. படித்து ஹைஸ்கூல் டீச்சராவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். எனக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. டீச்சர் வேலையில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

காலையில் முதல் பஸ்ஸில் குற்றாலம் போய்விடுவேன். சாரல் அடித்து நோட்டின் ஓரங்கள் எப்போதும் ஈரமாக இருக்கும். எண்ணெய் தேய்த்த உடம்போடு வரிசையில் நின்று கையை நீட்டுவார்கள். ஊரைக் கேட்டால் சிலர் பொய் சொல்வார்கள். எதற்குச் சொல்கிறார்கள் என்று எனக்கு அப்போது புரிந்ததில்லை.

அந்தப் பெண்ணைப் பேரருவிக்குப் பெண்கள் போகிற பாதையில்தான் முதலில் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். நனைந்த சேலையோடு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். யாருக்கோ காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். மறுநாளும் அதே சேலை, அதே கல். மூன்றாம் நாள், எதிரே பழக்கடை வைத்திருந்தவர் அவளுக்கு இலையில் சோறு வைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

“விட்டுட்டுப் போயிட்டாக. சித்தம் சரியில்லாதவள அருவில நிப்பாட்டுனா தெளிஞ்சிரும்னு கூட்டிட்டு வருதாக. தெளியலன்னா இப்படித்தான். வருஷா வருஷம் நடக்கதுதான் தாயி. சீசன் முடிஞ்சா எங்கனயாவது போயிரும்” என்றார்.

அவளிடம் பேர் கேட்டேன், ஊர் கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் இடது புஜத்தில் ஊசி போட்ட வீக்கம் இருந்தது. அப்படியானால் என் நோட்டில் அவள் இருக்கவேண்டும். மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் உட்கார்ந்து ஐந்து நாள் பக்கங்களைப் புரட்டினேன். முப்பது வயதுப் பெண், கூட ஒரே ஒரு ஆண், அண்ணன் தங்கை என்று சொன்னது என ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. எழுதியபோது அந்த ஆள் ஊர்ப்பேரைச் சொல்ல யோசித்தது ஞாபகம் வந்தது. யோசித்தாலும் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். திருவேங்கடம்.

ஒரு தபால் கார்டு போட்டேன். பதில் வரவில்லை. ஊசிக் கொட்டகையைப் பெருக்குகிற அம்மாள் அந்தப் பெண்ணைத் தன்னோடு கொட்டகையில் படுக்க வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் போன பிறகு அப்பாவிடம் சொன்னேன்.

“நமக்கு எதுக்குட்டி இந்த வேல?” என்றார் அப்பா. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ்ஸில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் சொல்லிவைத்தார். சங்கரன்கோவிலில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போனோம். குற்றாலத்துச் சாரலில் இருந்து வந்த கண்ணுக்கு அந்தக் கரிசல் காட்டு வெயில் கூசியது.

அண்ணன்காரரைக் கண்டுபிடிக்க அதிக நேரமாகவில்லை. மாட்டுக்கொட்டத்தின் பக்கம் நின்றிருந்தார். நான் சொன்னதும் மறுக்கவில்லை.

“நா அவள விட்டுட்டு வந்தது நெசந்தான் தாயி. எங்க வீட்டுல நிறைமாசமா இருக்கா. இவ என்னன்னா அடுப்ப அப்படியே எரியவிட்டுட்டு எந்திரிச்சுப் போயிருதா. யாரு பின்னால நான் ஓட? விட்டுட்டு வந்து மூணு நாளு கழிச்சு மறுபடி வந்தேன். அந்தப் பழக்கடைகிட்ட நின்னு பாத்தேன். யாரோ சோறு குடுத்தாக. அவ தின்னா. பாத்துட்டுத் திரும்பிட்டேன்.”

“வந்தவுக ஏன் கூப்பிடாம போனீங்க?” என்று கேட்டேன்.

“கூப்பிட்டா வந்துருவாளே” என்றார்.

அப்பா என் கையைத் தொட்டார், மேலே பேசாதே என்பதுபோல. மூன்றாம் நாள் அந்த அண்ணனே குற்றாலம் வந்தார். அந்தப் பெண் அவரைப் பார்த்ததும் எழுந்தாள். அவர் பின்னால் நடந்து போனாள். பழக்கடைக்காரர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு மாதம் நான் கொஞ்சம் தலைநிமிர்ந்துதான் நடந்தேன் என்று சொல்லவேண்டும்.

ஒரு மாதம் கழித்து அந்த அண்ணனிடமிருந்து கார்டு வந்தது. வீட்டில் எல்லோரும் காட்டுக்குப் போயிருந்த நேரத்தில் தங்கை எழுந்து போய்விட்டாள், கிணறுகளிலும் தேடிவிட்டோம், கிடைக்கவில்லை, நீங்கள் கேட்டு வந்தவர்கள் என்பதால் எழுதுகிறேன். அவ்வளவுதான் இருந்தது.

அந்த வாரம் மெட்ராஸிலிருந்து ஒரு லேடி டாக்டர் ஊசிக் கொட்டகையைப் பார்வையிட வந்திருந்தார். நோட்டைப் புரட்டியவர், என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் வரிசையாகக் கேள்விகள் கேட்டார். அந்த அண்ணனின் மனைவியிடம் பேசினாயா? பிரசவம் ஆகும்வரை அந்தப் பெண்ணை எங்கேயாவது வைக்க வழி இருக்கிறதா என்று பார்த்தாயா? வைத்தியம் எங்கே என்று கேட்டாயா? அனுப்பிய பிறகு ஒருதரம் போய்ப் பார்த்தாயா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

“உன் மேல தப்பு இல்லம்மா. உனக்கு அது தெரியாது. இது ஒரு தனி வேலை. இதுக்குன்னு மெட்ராஸ்ல படிப்பு இருக்கு. ரெண்டு வருஷம்.”

“படிச்சா சம்பளம் எவ்வளவு வரும் டாக்டர்?”

அவர் சிரித்துவிட்டார். “அதை மட்டும் யாராலும் சரியா சொல்ல முடியாது” என்றார்.

எழுதிக் கேட்டு விண்ணப்பத்தாளை வரவழைத்தேன். சமூக சேவைப் படிப்பு என்று போட்டிருந்தது. கல்லூரிச் சம்பளம், ஹாஸ்டல் சாப்பாடு, புத்தகம், நேரில் போய்ப் பழகவேண்டிய இடங்களுக்கு பஸ் செலவு, வருஷத்துக்கு இரண்டு தடவை ரயில் சார்ஜ் என்று ஒரு முழுத்தாளின் இடதுபக்கம் எழுதினேன். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் இரண்டு வருஷத்துக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் ஆனது. என் ஊசிக் கொட்டகைச் சம்பளம், அப்பா சீட்டுப் பிடித்த பணம் எல்லாம் போக ஆயிரத்தைந்நூறு கடன் வாங்கவேண்டும். அதற்குக் கீழே பி.டி.க்கும் எழுதினேன், இடதுபக்கம் செலவு, வலதுபக்கம் வரவு. ஒரு வருஷம், ஐந்நூறு ரூபாய். முடித்த கையோடு நூற்று நாற்பது ரூபாய்ச் சம்பளம். இரண்டாம் வருஷக் கடைசியில் கடனே இருக்காது.

அப்பா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். டிக்கெட் கணக்குப் பார்த்துப் பழகியவர், கூட்டலில் தப்பு இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

“பி.டி.க்கு ரெண்டு பக்கமும் எழுதியிருக்க. இதுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கு. அந்தப் பக்கம் ஒண்ணுமில்லாம கெடக்கே தாயி” என்றார்.

“வேலை எங்க கிடைக்குதுங்கிறதப் பொறுத்துப்பா. மில்லுல கிடைச்சா இருநூறுக்கு மேல. ஆஸ்பத்திரின்னா நூறு, நூத்திருபது.”

“கிடைக்கலன்னா?”

அம்மாவுக்கு வேறு கவலை. “டீச்சர்னா டீச்சர், நர்ஸ்னா நர்ஸ். இதப் படிச்சிட்டு வந்தா உன்ன என்னன்னு சொல்லுவாக? பொண்ணு பாக்க வாரவுககிட்ட நான் என்னன்னு சொல்ல?” என்றாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தங்கை அப்போதுதான் பயிற்சி முடித்து ஒரு ஆரம்பப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். எழுபது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள். “வட்டிய நான் கட்டுதேன். முதல அக்கா வந்து கட்டட்டும்” என்றாள். யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

கடன் கொடுக்க அப்பாவுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். அரிசி மண்டி வைத்திருந்த ஓர் அண்ணாச்சி. மூட்டைகளை பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிற வகையில் பழக்கம். மொட்டைக் கோபுரத்தைத் தாண்டிப் போகிற தெருவில் மண்டி இருந்தது. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அண்ணாச்சி என் தாளை வாங்கிப் படித்தார்.

“வாத்திச்சி வேலைக்குன்னா கண்ண மூடிட்டு எண்ணிக் குடுத்திருவேன். நகை எடுக்கன்னாலும் குடுப்பேன், நகை நிக்கும். இது என்ன வேலைன்னே எனக்கு வெளங்கல. நீ சொல்லு தாயி, வேலைக்குப் போனா காலைல போயி என்ன செய்வ?”

நான் திருவேங்கடத்துக்காரர் கதையைச் சொன்னேன்.

“சரி, அந்தப் பிள்ள கிடைச்சுதா?”

“கிடைக்கல அண்ணாச்சி.”

“கிடைச்சுதுன்னு சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன்” என்றார். அது என்ன கணக்கு என்று இன்றுவரை எனக்கு முழுதாகப் புரிந்ததில்லை. ஆனால் கடன் கொடுக்கச் சம்மதித்தார். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. முதல் வருஷத்துக்கு எண்ணூறு, அடுத்த வருஷம் மார்க்கு ஷீட்டைக் காட்டினால் எழுநூறு. வட்டி மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் வரவேண்டும். புரோநோட்டில் அப்பாவோடு நானும் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தைக் கேட்டு வாங்கிய முதல் காகிதம் அதுதான்.

கொல்லம் மெயிலில் மெட்ராஸ் போனேன். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிகளிலும் குடிசைப் பகுதிகளிலும் நடக்கவிட்டார்கள். பஸ்ஸுக்குக் கொடுத்த காசை மிச்சம்பிடிக்க நான் கூடுதலாக நடந்தேன். கேள்வி கேட்பதற்கும் விசாரணை செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தைப் படித்தேன். ஒருவர் பொய் சொன்னால் அவருக்கு என்ன பயம் என்று பார்க்கப் படித்தேன். மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி ஞாபகம் வரும். தங்கை கார்டில் எல்லா விஷயமும் எழுதுவாள், வட்டியைப் பற்றி மட்டும் எழுதமாட்டாள். முதல் வருஷம் மாதம் எட்டு ரூபாய், இரண்டாம் வருஷம் பதினைந்து.

படிப்பு முடிந்தது. வேலை வரவில்லை. கூடப் படித்தவர்களில் மெட்ராஸ்காரர்கள் அங்கேயே எங்கெங்கோ ஒட்டிக்கொண்டார்கள். எனக்கு ஹாஸ்டலை விட்டால் அங்கே தங்க இடமில்லை. தென்காசிக்கு வந்து எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். தினம் தபால்காரரை எதிர்பார்த்து வாசலுக்கு வருவேன். ஒரு மில்லிலிருந்து இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். போனால், “பேரைப் பார்த்து ஆம்பளைன்னு நெனச்சிட்டோம்” என்று சொல்லி காபி கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அந்த எட்டு மாதமும் தங்கை காலையில் எழுந்து, சேலைக்கு இஸ்திரி போட்டு, பள்ளிக்கூடம் போவாள். நான் அவளுக்குச் சோறு கட்டிக் கொடுப்பேன். சம்பள நாளில் பதினைந்து ரூபாயைத் தனியே மடித்து அப்பாவிடம் நீட்டுவாள். ஒருநாள் நான் வலிய, “உனக்குக் கோவமா இருக்காட்டி?” என்று கேட்டேன்.

“இருக்கு” என்றாள். சீப்பை என்னிடம் நீட்டி, “அதுக்கு என்ன செய்ய? தலைப்பின்னல் போட்டுவிடு, நேரமாகுது” என்றாள்.

நான் பின்னிவிட்டேன்.

தை மாதம் தென்காசிக்கு வெளியே இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. தொழுநோய்க்கு வைத்தியம் பார்க்கிற இடம். மாத்திரை வாங்கிப்போய் நடுவில் நின்றுவிடுகிறவர்களைத் தேடிப் போய்ப் பார்த்துத் திரும்ப வரவைப்பது, வீட்டாரிடம் பேசுவது, குணமானவர்களை ஊரில் சேர்ப்பது. நூற்றுப் பத்து ரூபாய்ச் சம்பளம். என்னோடு பி.ஏ. படித்துவிட்டு பி.டி. போனவள் அப்போது நூற்றைம்பது வாங்கிக்கொண்டிருந்தாள். வட்டி போக மாதம் இருபது ரூபாய் கடனின் முதலில் கழித்தேன். அப்படிப் போனால் ஆறு வருஷம் ஆகும்.

ஆனால் அந்த வேலையை நான் விரும்பினேன். ராயகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று பஸ்ஸிலும் கால்நடையாகவும் சுற்றினேன். வாசுதேவநல்லூரில் ஒரு தையல்காரர் இருந்தார். முழுக்கக் குணமாகிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தும் ஒருவரும் அவரிடம் துணி கொடுக்கவில்லை. தெருவில் உள்ளவர்களைத் தனித்தனியாகப் பார்த்துப் பேசினேன். எல்லோரும் நல்லபடியாகத்தான் கேட்டார்கள். துணி மட்டும் வரவில்லை. கடைசியில் நானே இரண்டு ஜாக்கெட்டுக்குத் துணி வாங்கி அவரிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் தைத்ததைப் போட்டுக்கொண்டு அதே தெருவில் போய், அவர் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்தேன். பொம்பளை டீக்கடையில் உட்கார்ந்ததைத்தான் ஜனங்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஆஸ்பத்திரி நர்ஸுகள் நாலு பேர் துணி கொடுத்தார்கள். பொங்கலுக்கு முன்னால் டீக்கடைக்காரர் தன் பிள்ளைகளின் சட்டைத் துணியைக் கொடுத்தார்.

“கை அளவு சரியா இருக்கா டீச்சர்?” என்று தையல்காரர் என்னைக் கேட்டார். கடைசிவரை அவருக்கு நான் டீச்சர்தான்.

அந்த ஊரிலிருந்துதான் தங்கைக்கு ஒரு வரன் வந்திருந்தது என்பது எனக்கு இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது. நான் வேலையில்லாமல் இருந்த எட்டு மாதத்தில் வந்த வரன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. கல்யாணமான மாதத்திலிருந்தே பெண்ணின் சம்பளம் தங்களுக்கு வரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தங்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அம்மா ஒருநாள் வெந்தயம் காயப்போட்டுக்கொண்டே வேறு எதையோ சொல்லும்போது இது வாயில் வந்துவிட்டது. சொன்னபிறகு என் முகத்தைப் பார்த்தாள். “நீ தெரிஞ்சதா காட்டிக்காத” என்றாள்.

தங்கைக்கு இருபத்திரண்டு முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அது தாமதம். ஆயிரத்தைந்நூறில் நான் அடைத்திருந்தது நானூற்று எண்பது. அன்று மறுபடியும் ஒரு தாளை எடுத்து எழுதினேன். இந்தத் தடவை யாரிடமும் காட்டவில்லை.

ராஜபாளையம் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் பெண்தொழிலாளர்களைக் கவனிக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. விண்ணப்பித்தேன். இருநூற்று இருபது ரூபாய். ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னபோது பெரிய டாக்டர், “பணத்துக்காகவா?” என்று கேட்டார். “ஆமா சார்” என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு உதவியாக இருந்தது.

மில்லில் நான் பதினேழு மாதம் இருந்தேன். சட்டத்துக்காக வைத்த வேலை அது. குழந்தைகள் காப்பகம், குடிதண்ணீர், கேண்டீன் எல்லாம் என் பொறுப்பு என்று காகிதத்தில் இருந்தது. மேனேஜர் எதிர்பார்த்தது வேறு. எந்தப் பெண் எத்தனை தடவை எழுந்து போகிறாள், யார் யாரோடு பேசுகிறாள் என்று எழுதித் தரச் சொன்னார். முதல் மாதம் முடியாது என்றேன். இரண்டாம் மாதம் எழுதினேன். காப்பகத்துக்குக் கூரை போட வைத்தேன், தொட்டியைச் சுத்தம் செய்ய வைத்தேன். ஆனால் நான் எழுதிக் கொடுத்த ஒரு தாளை வைத்து, நாலு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அடிக்கடி எழுந்து போனாள் என்பதுதான் காரணம். மேனேஜரிடம் வாதாடினேன். கேட்கவில்லை. அவள் வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் நின்ற என்னை அவள் உள்ளே கூப்பிடவில்லை. “நீங்க எழுதுனது பொய் இல்லையே டீச்சர், போங்க” என்றாள். அந்த மாதமும் சம்பளம் வாங்கினேன். அந்த மாதமும் அறுபது ரூபாய் முதலில் கழித்தேன். கடனைப் பற்றி யார் பேசினாலும் இப்போதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த வாசல்தான்.

அறுபது அறுபதாகக் கட்டி முடித்தேன். கடைசித் தவணைக்கு அப்பாவும் நானும் மண்டிக்குப் போனோம். அண்ணாச்சிக்கு அப்போது கண் மங்கியிருந்தது. மகன் புரோநோட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். மொத்தத்தில் வட்டி மட்டும் கிட்டத்தட்ட எண்ணூறு ரூபாய் கட்டியிருந்தோம். அதில் பாதி தங்கையுடையது.

“சம்பளம் எவ்வளவு வாங்குத இப்ப?” என்று அண்ணாச்சி கேட்டார். சொன்னேன். “பரவால்லியே” என்றார்.

அந்த வேலையை விடப்போகிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மில்லில் மிச்சம்பிடித்த பணம் தங்கை கல்யாணத்துக்கு உதவியது. கடையநல்லூரில் ஒரு பள்ளி ஆசிரியர் மாப்பிள்ளை. அவள் சம்பளத்தைப் பற்றி அவர்கள் பேச்சே எடுக்கவில்லை. அவளுக்கு இருபத்துநாலு வயது. கல்யாணத்தன்று பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த என்னைக் காட்டி உறவுக்காரர் ஒருவர், மூத்தவள் இருக்கும்போது இளையவளுக்கா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா, “அவ மெட்ராஸ்ல படிச்சவ” என்றாள். அது எப்படிப் பதிலாகும் என்று தெரியவில்லை. அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் என் பழைய இடத்தில் வேறொருவர் இருந்தார். நான்கு மாதம் காத்திருந்தேன். அவர் போனபிறகு நூற்று முப்பது ரூபாய்க்குத் திரும்பச் சேர்ந்தேன். சம்பளம் பிறகு மெள்ள மெள்ள ஏறியது. பி.டி. படித்தவர்களை நான் எட்டிப் பிடித்ததே இல்லை. எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அதைக் கடனின் கணக்கில் எழுதலாமா என்று பலதடவை யோசித்திருக்கிறேன். எழுதக்கூடாது என்றுதான் தோன்றுகிறது. வந்த ஒன்றிரண்டு இடங்களையும் நானேதான் தட்டிக்கழித்தேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு சீசன் சமயம். தங்கை இரண்டாவது பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். குற்றாலத்தில் தபாலாபீஸில் வேலை பார்த்த ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் மகள் பி.எஸ்ஸி. முடித்திருக்கிறாள், சமூக சேவைப் படிப்புக்குப் போகவேண்டும் என்று ஒரே பிடிவாதமாக இருக்கிறாள், கடன் வாங்கித்தான் அனுப்பவேண்டும், அனுப்பலாமா என்று கேட்டார்.

நான் அவருக்கு உள்ளபடி சொன்னேன். என்ன செலவாயிற்று, எத்தனை மாதம் வேலையில்லாமல் இருந்தேன், முதல் சம்பளம் எவ்வளவு, அதே வயதில் டீச்சருக்கு எவ்வளவு, கடன் அடைய எத்தனை வருஷம் ஆயிற்று, அதற்காக எங்கே போக வேண்டியிருந்தது எல்லாம் சொன்னேன். “கடன் வாங்காம முடியும்னா அனுப்புங்க. வாங்கித்தான்னா பி.டி. படிக்கச் சொல்லுங்க” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த தங்கை எழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்நிலைக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, அக்கா சொல்லுதத அப்படியே எடுத்துக்கிடாதிய. வட்டியில பாதி கட்டுனது நாந்தான். எனக்கும் ஒரு வார்த்த சொல்ல இருக்கு” என்றாள். “அனுப்புங்க. ஆனா கட்டப்போறவக யாருன்னு முதல்லயே கேட்டுக்கிடுங்க. வீட்டுல இன்னொரு பிள்ள இருந்தா அதுகிட்டயும் கேளுங்க. எங்கிட்ட யாரும் கேக்கல.”

“நீயாத்தான சொன்ன?” என்றேன்.

“சொன்னேன். கேட்டிருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்லா.”

தபாலாபீஸ்காரர் சிரித்தார். அவருக்கு இன்னொரு பிள்ளை இருந்தது. பத்தாவது படிக்கிற மகன். வீட்டுக்குப் போய் அவனிடமும் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார். தங்கை அவருக்குக் காபி போட உள்ளே போனாள். இரு, நான் போடுகிறேன் என்று நானும் பின்னால் போனேன். அடுப்படியில் அவள் பாலை வைத்துவிட்டு நின்றாள். நான் டம்ளர்களை எடுத்துக் கழுவினேன். கேட்டிருக்கவேண்டும் என்று சொன்னேன். அவள், “சரி, சீனி எங்க?” என்றாள்.

தபாலாபீஸ்காரரின் மகள் கடைசியில் பி.டி.க்குத்தான் போனாள் என்று கேள்விப்பட்டேன். பையன் சரி என்றுதான் சொன்னானாம். தம்பி தலையில் கடனை வைக்க அவளுக்குத்தான் மனம் வரவில்லையாம்.